முதலாளி வாசலில் விரித்த பாவு

பழி வாங்கும் குணம் எங்கள் வீட்டில் என் அக்காவுக்கு மட்டும்தான் வாய்த்தது. எனக்கு வாய்த்தது வயிற்றுக் கலக்கம். யாராவது எங்களை அதட்டினால் அவள் அந்த முகத்தை மனசில் குறித்துக்கொள்வாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவேன். இப்படிப்பட்ட நான்தான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியின் மோட்டார் காரை அவர் வீட்டு வாசலிலேயே மறித்த மகாவீரன் என்று எங்கள் தெருவில் சிலர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்கு நான் இடத்தை விட்டு நகராமல் நின்றது உண்மை. நகர்ந்தால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவேன் என்கிற நிலைமையில் இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாத உண்மை.

எங்கள் தெரு ஒரு பக்கம் அடைத்த தெரு. வாய் ஒன்றுதான். அடைத்த கோடியில் முதலாளியின் மாடி வீடு. அவர் வேற்றூர்க்காரர் இல்லை; இதே தெருவில் பிறந்து, இதே மாதிரி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்து வளர்ந்தவர்தான். அப்புறம் காலைக் குழியிலிருந்து எடுத்து எங்கள் தோளில் வைத்துக்கொண்டார். தெருவில் இருந்த தறிகளுக்கெல்லாம் பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார். நாங்கள் சேலையாக்கித் திருப்பிக் கொடுப்போம். நகராட்சியில் எங்கள் வட்டாரத்துக்கு அவரே கவுன்சிலர். ஊரில் மோட்டார் கார் என்பதே அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில் அவர் ஒன்று வாங்கி, தினம் காலையில் அதன் ரப்பர் ஊதலைப் பிதுக்கி எங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

கெடுத்தது தூக்கத்தை மட்டும் என்றால் நான் இதை எழுதப்போவதில்லை. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்த சாயப்பட்டறையை, கண்காணிப்புக்கு வசதி என்று தன் வீட்டுப் பின்கட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சீமையிலிருந்து டின்னில் வரும் சாயப்பொடி. பட்டைத் தோய்த்து அலசிய தண்ணீரெல்லாம் மதிற்சுவரில் ஒரு தூம்பு வழியாகத் தெருச் சாக்கடையில் விழும். சாக்கடை எங்கள் பொதுக் கிணற்றை ஒட்டி ஓடும். கிணறு ரொம்பப் பழையது, சுற்றுக்கட்டெல்லாம் விரிசல். அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சோறு லேசான ரோஜா நிறத்தில் வெந்தது. நான் வழக்கம்போலத் தமாஷ் பண்ணினேன். "யாரோ கெணத்துல ஆரத்தி கரைச்சு வெச்சிருக்காங்க, தெருவுக்கே திருஷ்டி கழியப்போவுது" என்று வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தேன். கழிந்தது திருஷ்டி இல்லை. தெரு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு முன் அனுபவம் இருந்ததால் சமாளித்தேன்.

நாலு பேராகப் போய் முதலாளியிடம் சொன்னோம். அவர் ஊஞ்சலை நிறுத்தவில்லை.

"கெணறு இன்னா, என் அப்பன் வெட்டினதா? முனிசிபாலிட்டி கெணறு. எழுதிக் குடுங்கப்பா, விசாரிப்பாங்க."

எழுதிக் கொடுத்தோம். எங்களோடு சிநேகமாயிருந்த சின்னக் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஐயங்கார், நல்ல இங்கிலீஷில் எழுதித் தந்தார். மனு நகராட்சிக்குப் போயிற்று. நகராட்சி அதை விசாரிக்கும்படி அந்த வட்டாரத்துக் கவுன்சிலருக்கு அனுப்பியது. கவுன்சிலர் யார்? வெள்ளிப்பூண் போட்ட தடியோடு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தன்னைத்தானே விசாரித்தார். குற்றம் இல்லை என்று தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு காரில் ஏறிப் போனார். நான் சிரித்தே விட்டேன். அக்கா என் விலாவில் கிள்ளிய தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

அதற்கப்புறம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகவதி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொள்ளப் போனார்கள். கோடைக்காலம். அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். புருஷன் போனபிறகு எங்கள் வீட்டோடு இருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. ஒருநாள் நிறைகுடத்தோடு கரையேறும்போது மணல் சரிந்தது. குடமும் அவளும் உருண்டு வந்தார்கள். குடத்துக்கு நசுங்கல், அவளுக்கு இடுப்பெலும்பு. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து கட்டுப் போடுகிற வைத்தியரை அழைத்துவந்தோம். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "உக்கார வெச்சிடுவேன். நடக்கறது கஷ்டம்பா" என்றார்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்த அக்கா அதைக் கேட்டு அழவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"டேய். அந்தத் தூம்ப அவன் அடைக்கணும். கூலிக்காரன வெச்சு இல்ல. அவனே குனிஞ்சு, அவன் கையால. நான் பாக்கணும்."

"ஆகட்டும்க்கா" என்றேன். சொம்பு எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

ஆனால் கோபம் எனக்கும் இருந்தது. அதை நான் தறியில் மட்டும் காட்டினேன். பலகையை ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் முதலாளி மண்டையில் அடித்தேன். காலையில் அவரை அரக்குச் சாயத் தொட்டியில் முக்கினேன், மத்தியானம் மாம்பழ மஞ்சளில், சாயங்காலம் மயில்கழுத்து நிறத்தில். அந்த மாதம் நான் நெய்த சேலைகள் ரொம்ப இறுக்கமாக வந்திருக்கின்றன என்று கடையில் பாராட்டினார்களாம். அந்தச் சேலைகளைக் கட்டிக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எங்களுக்கு ஒரு சிறு கூட்டம் உண்டு. வருஷா வருஷம் கருட சேவைக்கு வரும் ஜனங்களுக்கு வழியில் நின்று நீர்மோரும் தண்ணீரும் கொடுப்போம். மார்பில் மஞ்சள் துணிப் பட்டை குத்திக்கொள்வோம். மற்றபடி எங்களிடம் அதிகாரம் எதுவும் கிடையாது. அதில் நான், சொன்னேனே அந்த வாத்தியார், அப்புறம் ஜட்கா வண்டி ஓட்டும் பாய் ஒருவர். பாய் குடும்பம் நவாபு காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறது என்று அவர் சொல்வார். குதிரையும் அப்போதிருந்தே இருக்கிறது என்று நான் சொல்வேன். அக்கா விழுந்ததும் பாய் வந்து பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்துக்கினு, நம்ம தெருவுக்கு ஆத்துல ஊத்தாப்பா? நல்லா இருக்குது உங்க சேவை" என்றார். "தண்ணி எங்க இருக்குது, சொல்லுங்க. கொண்டாரது என் வேலை."

"எங்காத்துக் கொல்லையிலே கெணறு இருக்கு. நானே எறைச்சு ஊத்தறேன். யாரும் கிட்ட வரவேண்டாம், யாரும் எதுவும் பேசவேண்டாம்" என்றார் வாத்தியார்.

பேசாமல் இருப்பார்களா? அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஜட்கா வண்டியில் ஏறி நெசவுத் தெருவுக்குப் போகிறது என்றதும் அவருடைய தெருவே பேசியது. வீட்டில் அவருக்குத் தனியாக முற்றத்தில் இலை போட்டுவிட்டார்கள். "நிம்மதியா சாப்பிடறேன் ஓய். எந்த மாமாவும் பக்கத்துல உக்காந்துண்டு உபதேசம் பண்றதில்லே" என்றார். தினம் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறைப்பார். கையெல்லாம் கொப்புளம். பாய் சவாரியை விட்டுவிட்டுப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வருவார். நான் வீடு வீடாகப் பங்கு பிரித்து ஊற்றுவேன். சண்டைகளைத் தமாஷ் சொல்லித் தீர்ப்பேன். தீராத சண்டைகளில் அடியும் வாங்குவேன். குடிக்கவும் உலை வைக்கவும் அது போதும். மற்றதற்கெல்லாம் பெண்கள் ஆற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் கருட சேவை நெருங்கியது. முதலாளிக்குச் சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஆசை. பட்டம் வேண்டுமென்றால் பொதுச் சேவை காட்டவேண்டும். அதனால் அந்த வருஷம் அவர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார். ஆமாம், தண்ணீர்ப் பந்தல்தான். வெட்டிவேர் போட்ட பானைகள், மாவிலைத் தோரணம், கலெக்டர் துரை காலை ரயிலில் வந்து இறங்கித் திறந்துவைப்பார் என்று ஏற்பாடு. எங்கள் கிணற்றில் விஷத்தை விட்டவர் ஊருக்குத் தாகம் தீர்க்கிறார். அதற்குத் தொண்டர்களாக எங்கள் கூட்டத்தையே அனுப்பும்படி தன் கணக்குப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். போகும்போது கணக்குப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார்.

"அன்னிக்குக் காலையில தெருவுல யாரும் பாவு போடக்கூடாது. மொதலாளி சொல்லிட்டாரு. கார் போவணும்."

நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீள இழைகளையெல்லாம் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைத்து, அப்புறம்தான் சுருட்டவேண்டும். அதுதான் பாவு. விடிந்ததும் விரித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம்; மற்ற நாட்களில் முதலாளியின் கார் அதற்கப்புறம்தான் கிளம்பும். தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் ஓராள் ஒதுங்கி நடக்கத்தான் இடம். அதனால் வீட்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் போடுவோம். ஈரப் பாவைத் தளர்த்தக்கூடாது. இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். விரித்த பாவை யாரும் தாண்டவும் மாட்டார்கள். சாவு ஊர்வலமே காயும்வரை நின்றுதான் போகும்.

கணக்குப்பிள்ளை போனதும் அக்கா கட்டிலிலிருந்து சிரித்தாள். இடுப்பு உடைந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவன் எதுக்குப் பயப்படறான்னு அவனே சொல்லியனுப்பிச்சிட்டான், பாத்தியா?"

"அக்கா, வேணாம்க்கா. பட்ட நிறுத்திடுவான். தெருவே பட்டினி."

"முகூர்த்த மாசம். ஊரு பூரா சேலைக்குச் சொல்லிவெச்சிருக்கான். எத்தன தறிய நிறுத்துவான்? இன்னிக்கி யாரு முறை?"

"தெருமுனை வீட்டுது."

"நம்ம முறை எப்போ?"

சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்தேன். வாய் சொல்லிவிட்டது. கலெக்டர் வரும் நாளன்று எங்கள் முறை.

அதற்கப்புறம் அந்தக் கட்டில் ஒரு கோர்ட் ஆகிவிட்டது. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஆற்றுக்குப் போய் இடுப்பு ஒடிய வருகிறவர்கள் அவர்கள்தானே, அக்கா அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை. ஆண்கள்தான் முனகினோம். "முனகறவன் நாளைலேர்ந்து குடத்தத் தூக்கிக்கினு ஆத்துக்குப் போவட்டும்" என்று என் பெண்டாட்டி எல்லோர் சார்பிலும் தீர்ப்புச் சொன்னாள். முனகல் நின்றது. அன்றைக்குத் தெருவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, முதலாளி வாசலிலிருந்து தெருவின் வாய்வரை, தயாராயிருக்கும் பாவுகளையெல்லாம் விரித்துவிடுவது என்று முடிவாயிற்று. முறைப்படி எங்கள் பாவு முதலில். அதாவது அவர் வாசலுக்கு நேரே. அதாவது நான்.

அந்த நாள் விடிந்தபோது நான் ஏற்கெனவே கொல்லைக்கும் வாசலுக்குமாகப் போதுமான அளவு நடந்து முடித்திருந்தேன். பாவை இழுத்துக் கட்டினோம். கஞ்சிப் பானையோடு முதலாளியின் வாசற்கதவுக்கு நேரே நின்றேன். பின்னால் தெரு நெடுக அரக்கும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டு மினுமினுத்தது. சாதாரணமாக அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு எனக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. கார் மூக்கை நீட்டியது. ஊதல் அலறியது. நான் சலாம் போட்டேன். காருக்கு. டிரைவர் இறங்கி வந்தான்.

"யோவ், எடுய்யா! இன்னா இது, வழியில?"

பதிலுக்கு என் கை தானாகப் பானைக்குள் போய்க் கஞ்சியை அள்ளிப் பாவின் மேல் தெளித்தது. பின்னாலேயே கணக்குப்பிள்ளை ஓடிவந்தார்.

"அன்னிக்கே சொல்லலையா? போடாதன்னு சொல்லலையா?"

"முகூர்த்தச் சேலைங்க..." என்றேன். "மொதலாளிதான் அவசரம்னு..." இன்னொரு கை கஞ்சி.

"காயறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"இதோ, இப்பக் காஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தெளித்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது என்னைக் கேள்வி கேட்டால் கை பானைக்குப் போய்விடுகிறது. கணக்குப்பிள்ளை திகைத்துப் பார்த்தார்.

"யோவ், நீ பாவு போடறியா, பழைய சோறு கரைக்கிறியா?"

அடுத்து முதலாளியே காரிலிருந்து இறங்கினார். ஜரிகைத் தலைப்பாகை, நீளக் கோட்டு, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று நாமம். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பானையையே கவிழ்த்துவிட்டேன். கஞ்சி பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெருவில் விழுந்தது. முப்பாட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு பாவை இவ்வளவு கேவலமாகக் கெடுத்ததில்லை.

"அறுத்துட்டுப் போயிடலாமா மொதலாளி?" என்று கேட்டான் டிரைவர். அவன் பட்டணத்து ஆள், பாவம்.

பளாரென்று ஒரு அறை விழுந்தது அவனுக்கு. "அறுக்கறதா? யார் பட்டுடா அது? என் பட்டு!" கத்திக்கொண்டே முதலாளி குனிந்து, பழக்கதோஷத்தில் இழையை விரலிடுக்கில் உருவி ஈரம் பார்த்தார். ஆயிரம் மாடி கட்டினாலும் நெசவாளியின் விரல் போகாது. விரலெல்லாம் கஞ்சி. தெரு நெடுகப் பார்த்தார். வாய்வரை விரிந்துகிடந்தது அவ்வளவும் அவருடைய பட்டு. ஒரு அடி அறுக்க மனசு வராது. ஒரு பாவையும் தாண்ட அவர் கால் எழாது. தன் சொத்தாலேயே கட்டிப்போடப்பட்ட மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எனக்குச் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

"ரயில் வாலாஜாபாத் தாண்டியிருக்கும்" என்றார் கணக்குப்பிள்ளை.

"நடந்தே போறேன். தெரு வாயில ஜட்கா இருக்கும்" என்று முதலாளி சுவரோரமாக ஒதுங்கினார். எதிர்ப்பக்கத்தில் ஒதுங்கும் இடம் பூராவும் காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் நாலு அடி வைத்திருப்பார். மதிற்சுவருக்கும் பாவுக்கும் நடுவில் கயிற்றுக் கட்டில். அதில் என் அக்கா. வாத்தியாரும் பாயும் மஞ்சள் பட்டை குத்திக்கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில், சுவரில், சாயத் தண்ணீர் கொட்டும் தூம்பு.

"இன்னாமா இது? நடுவழியில படுத்துக்கினு!"

"எழுந்து நிக்கத்தான் முடியலையே மொதலாளி. ஊத்துல தண்ணி மொள்ளப் போயி வாங்கினு வந்த படுக்கை இது."

"அப்புறம் பேசலாம். டேய், யார்ரா அங்க, கட்டிலத் தூக்குங்கடா!"

வாத்தியார் வானத்தைப் பார்த்தார். பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அவங்க தூக்கமாட்டாங்க" என்றாள் அக்கா. "அந்தத் தூம்ப அடைச்சிட்டுப் போ."

"நாளைக்கு ஆளு வெச்சு..."

"ஆளு வேணாம். நீ. இப்ப."

முதலாளி முகம் அவர் பட்டறைச் சாயங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "யாருகிட்ட பேசறோம்னு தெரியுதா? இந்தத் தெருவுல ஒரு தறி ஓடாது, தெரியுமா?"

"தெரியும். நீ கோவணத்தோட ஓடிக்கினு இருந்தப்போ இந்தக் கெணத்துல தண்ணி சேந்தி உன் தலைல ஊத்தினவடா நானு. உங்கம்மா சீக்குல கெடந்தப்போ அவ வாயில ஊத்துனதும் இந்தத் தண்ணிதான். இப்ப இத நாய் குடிக்க மாட்டேங்குது. அடைக்கிறியா, இல்ல என்னத் தாண்டிக்கினு போறியா? தாண்டு. எல்லாரும் பாக்கட்டும்."

நடக்கமுடியாத ஒரு பெண்ணைத் தாண்டிக்கொண்டு போகிற துணிச்சல் அவருக்கு இல்லை. தூரத்தில் ரயில் கூவியது.

"மண்ணு கொண்டாங்கடா! கல்லு கொண்டாங்கடா!" என்று கத்தினார். ஒருவரும் கொண்டுவரவில்லை. கணக்குப்பிள்ளைகூட, ஏனோ, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். தோளிலிருந்து அங்கவஸ்திரத்தை உருவினார். சாக்கடை ஓரத்தில் குந்தினார். அதைச் சுருட்டித் தூம்புக்குள் திணித்தார்.

"ஓரத்துல கசியுது" என்றாள் அக்கா. "இன்னும் சொருகு."

சொருகினார். முழங்கைவரை சிவப்பு. மதிலுக்கு உள்ளேயிருந்து பட்டறை ஆட்கள், "ஐயோ, தண்ணி எதுத்துக்கினு வருதுப்பா!" என்று அலறினார்கள். வெளியே ஓட்டம் இளைத்தது, சொட்டாயிற்று, நின்றது. அக்கா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அப்புறம் கையை அசைத்தாள். வாத்தியாரும் பாயும் கட்டிலைத் தூக்கி வழி விட்டார்கள்.

பாய் முன்னால் ஓடி, தெருவின் வாயில் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க மொதலாளி. குதிரை கொஞ்சம் மெதுவாத்தான் போவும். இங்க தண்ணி வெச்சேன், மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்றார். ஸ்டேஷனுக்கு நேர்வழி பாய்க்கு அன்றைக்கு மறந்துபோய்விட்டது. ஊரைச் சுற்றிக் காட்டினார்.

அங்கே நடந்ததை வாத்தியார் வந்து சொன்னார். அவர் பந்தல் தொண்டராகப் பின்னாலேயே போயிருந்தார். துரை ஏற்கெனவே இறங்கி வெயிலில் நின்றுகொண்டிருந்தாராம். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாராம். மாலை போடக் கையை எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுத்தார். வெள்ளைக் கோட்டின் மேல் ஐந்து விரலும் பதிந்தது. இது என்ன என்று துரை கேட்டார்.

"நான்தான் பக்கத்துல இருந்தேன் ஓய். எனக்கு இங்கிலீஷ் தெரியும்கறது என் தப்பா?" என்றார் வாத்தியார். "இது எங்க ஜனங்க குடிக்கற தண்ணி, சார்னு சொன்னேன். எந்தக் கெணறுன்னு கேட்டார். அதையும் சொன்னேன்."

இதனால் துரை வெகுண்டெழுந்து முதலாளியைச் சிறையில் தள்ளினார் என்று எழுத எனக்கு ஆசைதான். துரை கோட்டைத் துடைத்துக்கொண்டு பந்தலைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். சில நாள் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கிணற்றைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்குப் பட்டமும் கொஞ்சம் தாமதமாக வந்தேவிட்டது. அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அதற்கு முன்னால் நான் பயந்தது நடந்தது. திருவிழா முடிந்ததும் கணக்குப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்து, "இனிமே உனக்குப் பட்டு கெடையாது. உனக்கு மட்டும்" என்றார். உள்ளே பட்டறையில் தூம்பைத் திரும்பத் திறக்க ஆள் வந்திருக்கிறான் என்றும் ஜாடையாகச் சொன்னார். நான் வழக்கம்போல நிலைகுலைந்தேன். அக்கா கட்டிலிலிருந்து சாவதானமாகக் கேட்டாள்:

"நாளைக்கு யாரு முறைப்பா?"

கணக்குப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் முறை. அந்தப் பாவு காயக் காயக் காயவேயில்லை. அதற்கு அடுத்த நாள் எதிர்வீடு. அதுவும் நசநசவென்றே இருந்தது. பருவநிலை அப்படி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கார் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் கோழி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் பட்டு என் வீடு தேடி வந்தது. சாயப்பட்டறை மூட்டை முடிச்சோடு ஆற்றுப் பக்கம், ஊருக்குக் கீழே, திரும்பிப் போயிற்று. தூம்பில் அங்கவஸ்திரத்தின் மேலேயே சுண்ணாம்பு வைத்துப் பூசினார்கள்.

கிணற்றை நாங்களே இறைத்தோம். மஞ்சள் பட்டை குத்தினவர்களும் குத்தாதவர்களும் கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கி, சிவப்புச் சேற்றை வாளி வாளியாகத் தூர் வாரினோம். விரிசலைப் பூசினோம். நானும் இறங்கினேன், பாதியில் பயந்து கத்தியதால் என்னை மேலே தூக்கிவிட்டார்கள். பெண்கள் மேலே நின்று சிரித்த சிரிப்பில் நான் தெருவுக்கு மறுபடி கோமாளியானேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஊறும், இறைப்போம், மறுபடி ஊறும். மழைக்காலம் முடிந்து ஒருநாள் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. அதுவரை வாத்தியார் இறைப்பதை நிறுத்தவில்லை, பாயின் வண்டியும் நிற்கவில்லை.

முதல் சொம்பு அக்காவுக்கு என்று தெருவே முடிவு செய்தது. வைத்தியர் சொன்னபடி அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நடப்பது அவளுக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை. வாசலில் உட்காரவைத்தோம். நான் சேந்திக் கொடுத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோடி வீட்டு மாடியில் முதலாளியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு மடக்குக் குடித்தாள். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். விழுங்கினாள். மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் சாய வாசனை அடிக்குது" என்றாள், மாடிக்குக் கேட்கும்படி. "நாளைக்கும் பாவு போடுங்க."